நத்தை தின்ற சீட்டு

மேற்குத் தீவு முகாம்
12 அக்டோபர் 2025

மேடம்,

நான் அன்புக்கரசி. ஞாபகம் கீதா? ஒன்பது வருசம் முன்ன அடையார்ல உங்க லேப்ல பாட்டில் கழுவிக்கினு, உங்களுக்கு நத்தை பொறுக்கிக் குடுத்துக்கினு இருந்தேனே, அதே அன்பு. என் நம்பர நீங்க பிளாக் பண்ணிட்டீங்க, அதான் பேப்பர்ல எழுதறேன். இங்க டவரும் கிடையாது. பத்து நாளைக்கு ஒரு தபா காதர் பாய் படகுல அரிசி பருப்பு கொண்டாருவாரு, போறப்ப தபால் வாங்கிக்கினு போவாரு.

பறவை எண்ணற கேம்ப்ல வேலை. காஸ்பர் சார்தான் லீடர், சாந்தோம்காரரு. சமையல் நான், மலை ஏறி எண்றதும் நான். நீங்களும் நானும் 2016 நவம்பர்ல வந்த அதே ஜோடித் தீவுதான். மேற்கு ஒண்ணு, கிழக்கு ஒண்ணு, நடுவுல ஒரு மைல் கடலு.

போன வாரம் மழை உட்டதும் மேற்குத் தீவு சரிவுல ஏறினேன். இலைங்க அடில பாத்தேன். நெட்டை ஓடு! டீ கலரு, நடுவுல வெள்ளைக் கோடு, விரல் கணு அளவு ஒசரம். ஒண்ணு ரெண்டு இல்ல, அறுபத்தி நாலு எண்ணினேன். சந்தேகம் வந்து காதர் பாய் படகுல கிழக்குத் தீவுக்கும் போய் ரெண்டு நாள் தேடினேன். அங்க சருகுக்குள்ள குட்டை ஓடுதான். எல்லாத் தீவுலயும் கிடக்குமே, அது. நெட்டை ஒண்ணு கூட இல்ல.

காஸ்பர் சார் கிட்ட உங்க ஆராய்ச்சிக் கட்டுரை இருந்துச்சு. இத்தினி வருசத்துல இப்பதான் படிச்சேன். நெட்டை ஓடு கிழக்குத் தீவுல மட்டும், குட்டை ஓடு மேற்குத் தீவுலன்னு எழுதிக்கீது. தலைகீழா எழுதிக்கீறீங்க மேடம்!

எழுதிட்டுப் போங்க, எனக்கு இன்னா? ஆனா அத்த வெச்சிக்கினு, ரோடு போட அனுமதி குடுக்கிற கமிட்டிக்கு நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்துக்கீறீங்க. மேற்குத் தீவுல சாதா குட்டை ஓடுதான், அழிஞ்சாலும் நஷ்டம் இல்லன்னு. அந்தச் சரிவ வெட்டி ரிசார்ட்டுக்கு ரோடு போடப் போறாங்க. டிசம்பர் ஒண்ணாந்தேதி பொக்லைன் வருது. இந்த உலகத்துல அந்த நத்தை கீற ஒரே எடம் அது.

ரிப்போர்ட் தப்புன்னு உடனே எழுதிக் குடுங்க.

அன்புக்கரசி


மயிலாப்பூர்
24 அக்டோபர் 2025

செல்வி அன்புக்கரசி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி. சில விஷயங்களைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது.

தீவு நத்தைகளை இனம் காண்பது பயிற்சி தேவைப்படும் வேலை. வளராத ஓட்டுக்கும் வளர்ந்த ஓட்டுக்கும் உருவம் மாறும். அறுபத்து நான்கும் நெட்டை ஓடுதான் என்று எந்த அடிப்படையில் முடிவு செய்தீர்கள் என்பது கடிதத்தில் இல்லை.

அவை நெட்டை ஓடே என்று வைத்துக்கொண்டாலும், கட்டுரை தவறு என்று ஆகிவிடாது. நத்தைகள் தீவுகளுக்கு எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. புயலில் விழுந்த மரக்கிளையோடு மிதந்து போகும், பறவையின் காலில் ஒட்டிக்கொண்டு போகும். இந்த ஒன்பது ஆண்டுகளில் கிழக்கிலிருந்து மேற்குக்குச் சில நத்தைகள் போயிருக்கலாம்.

கிழக்குத் தீவில் பெரிய மரங்கள் அதிகம். அங்கே ஒதுங்கிய நத்தைக் கூட்டம் லட்சக்கணக்கான ஆண்டுகளில் தரையை விட்டு மரத்துக்கு ஏறியது, ஓடு ஒடுங்கி உயர்ந்தது. இந்த விளக்கத்தை வல்லுநர் பலர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதன் மேல் மூன்று மாணவர்கள் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார்கள்.

சமையல் வேலைக்குப் போன இடத்தில் ஓய்வு நேரத்தில் பார்த்ததை வைத்துக் கமிட்டிக்கு எழுத முடியாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முனைவர் வைதேகி


மேற்குத் தீவு முகாம்
3 நவம்பர் 2025

வைதேகி,

மேடமெல்லாம் இனிமே வராது. இந்தத் தீவுல கூடாரத்துல படுத்துக்கினு இருந்தப்ப "அன்பு, நமக்கு ஒரே வயசு, பேர் சொல்லியே கூப்டு"ன்னு நீதான சொன்ன. ஹார்பர்ல எறங்கினதும் மறுபடி மேடம் ஆயிட்ட. இப்ப நான் தீவுல கீறேன்.

ஓய்வு நேரமா? உனக்கு அன்னிக்கு நூத்தி மூணு டிகிரி ஜுரம். ரெண்டு தீவுலயும் தார்ப்பாய்க்குள்ள சுருண்டு கிடந்த. மலை ஏறினது யாரு? அட்டை கடிச்சி ரத்தம் ஒழுக ஒழுக நத்தை பொறுக்கினது யாரு? நீ ஒரு நெட்டை ஓட்ட மரத்துல உயிரோட பாத்துக்கீறியா, மனசத் தொட்டுச் சொல்லு! எனக்கு இனம் தெரியாதாம். நான் சாயங்கால காலேஜ்ல படிச்சி பாஸ் பண்ண பிஎஸ்சி விலங்கியல் உனக்கு மறந்து பூட்ச்சா?

மிதந்து வந்துச்சாம். ஒன்பது வருசத்துல கிழக்க ஒண்ணு கூட உடாம காலி பண்ணிட்டு, குடும்பத்தோட மேற்குக்குக் குடி வந்துடுச்சா? யார் கிட்ட பீலா உடற?

இன்னா நடந்துச்சுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நத்தைய கெடாம போட்டு வெக்கிற ஸ்பிரிட் கேன் ஒழுகிப் பூட்ச்சு. அதனால நத்தைங்கள உயிரோட டப்பால போட்டு எடுத்தாந்தோம். எந்தத் தீவுன்னு சீட்டு எழுதி டப்பா உள்ளயே போட்ட நீ. "வெளிய கட்டு வைதேகி, உயிரோட கீற நத்தை பேப்பர துன்னும்"னு சொன்னேன். "சீட்டு எப்பவும் உள்ளதான் இருக்கணும், அதான் ரூல்"னு சொன்ன. செத்த நத்தைக்குப் போட்ட ரூலு அது! மூணு நாள் கப்பல். ஹார்பர்ல செக்கிங்க்குத் தொறந்தா ஒரு சீட்டும் இல்ல. துன்னுட்டு வெள்ள வெள்ளையா கழிஞ்சி வெச்சிக்கீது எல்லாம்.

அப்பதான் எங்கம்மா போன். அடையாத்து ஓரத்துல எங்க வூட்ட இடிச்சிக்கினு கீறாங்க, சாமான லாரில ஏத்தறாங்க, பெரும்பாக்கத்துக்குப் போவணுமாம். நான் ஓடினேன். ஓடறப்ப இன்னா சொன்னேன்? "எதுவும் எழுதாத, நான் வந்து எது எதுன்னு சொல்றேன்"னு சொன்னேன். நாலு நாள் கழிச்சி வந்தா எல்லாம் ஸ்பிரிட்ல போட்டு, சீட்டு எழுதி, பீரோவுல பூட்டியாச்சு. "எனக்கே ஞாபகம் இருக்கு அன்பு"ன்னு சொன்ன. பெரிய படிப்பு படிச்சவ, சரியாதான் இருக்கும்னு நம்பினேன். ரெண்டு பேர் பேரும் போடுவேன்னு சொன்னதையும் நம்பினேன். பெரும்பாக்கத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வர லேட்டாவுதுன்னு மூணே மாசத்துல வேலைய உட்டுத் தூக்கின. கட்டுரைல என் பேரு எங்க கீதுன்னு காஸ்பர் சார் தேடிக் காட்டினாரு. கடைசி வரில, "களத்தில் உதவிய ஊழியருக்கு நன்றி". எனக்குப் பேரு கூட இல்ல!

அத்த உடு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மேற்குத் தீவுல டப்பா பத்தாம என் சோத்து டப்பாவக் காலி பண்ணி அதுல போட்டேன். எவர்சில்வரு. எங்கம்மா பேரு வெட்டினது, தேவானைன்னு. உன் ரூல் மேல நம்பிக்கை இல்லாம, ஊக்கால அதும் அடில "மே"ன்னு கீறி வெச்சேன். பேப்பர துன்னும், எவர்சில்வர துன்னுமா? அந்த டப்பால இருந்தது நெட்டை ஓடா, குட்டை ஓடா? நீதான அத்த எடுத்து ஸ்பிரிட்ல மாத்தின. உனக்குத் தெரியாம போவாது.

டப்பாவ எடுத்துத் திருப்பிப் பாரு. பாத்துட்டு எழுது.

அன்பு


மயிலாப்பூர்
12 நவம்பர் 2025

அன்பு,

நீ என்ன நெனச்சிண்டிருக்கே உன் மனசுல? ஒன்பது வருஷம் வாயைத் தெறக்காம இருந்துட்டு, இப்போ வந்து என்னைத் திருடிங்கற மாதிரி கூண்டுல ஏத்தறியே, இது நன்னாயிருக்கா?

அன்னிக்கு ஹார்பர்ல நீ போட்டது போட்டபடி ஓடிட்டே. உன் வீடு, உன் கஷ்டம், நான் இல்லேங்கலை. ஆனா நான் ஜுரத்தோட பன்னெண்டு டப்பாவையும் தூக்கிண்டு ஆட்டோல வந்தேன். லேப் பூட்டியாச்சு, ஆத்துக்குத்தான் எடுத்துண்டு வந்தேன். நத்தை ஒவ்வொண்ணா செத்து நாத்தம். எங்காத்துல முட்டை வாசனைக்கே எங்கம்மா மூக்கைப் பொத்திப்பா, அவகிட்ட நான் பட்ட பாடு நேக்குத்தான் தெரியும். உன் நம்பருக்கு ரெண்டு நாள் அடிச்சேன், எடுக்கலை. மூணாவது நாள் காத்திண்டிருந்தா அத்தனையும் அழுகிப் போயிருக்கும். அப்புறம் நத்தையும் கிடையாது, சீட்டும் கிடையாது, ஒரு கண்றாவியும் கிடையாது.

என்ன பண்ணச் சொல்றே? யோசிச்சேன். நெட்டை ஓடு மரத்துல ஏறற ஜாதி. பெரிய மரமெல்லாம் கிழக்குலதான் பாத்தேன். அதனால நெட்டையைக் கிழக்குன்னு எழுதினேன். என் எடத்துல யாரா இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பா.

உன் டப்பா இல்லை. அன்னிக்கே குப்பைல போட்டாச்சு. நத்தை கழிஞ்ச பாத்திரத்தை ஆத்துல வெச்சுக்க முடியுமா?

ஜனவரில நேக்குத் துறைத் தலைவர் பதவி வரப்போறது. பதினஞ்சு வருஷம் ராப்பகலா உழைச்சிருக்கேன். எங்கிட்ட படிச்ச மூணு குழந்தைகளோட பட்டமும் இந்தக் கட்டுரை மேல நிக்கறது. ஒரு நத்தைக்காக அத்தனை பேர் தலையிலயும் மண்ணை வாரிப் போடணுமா? உனக்குக் கோவம் என் மேல. அதை என் மேல காட்டு, கமிட்டியை எதுக்கு இழுக்கறே?

இனிமே எழுதாதே.

வைதேகி


மேற்குத் தீவு முகாம்
20 நவம்பர் 2025

வைதேகி,

உன் வாயாலயே ஒத்துக்கினியே, தாயே! ஞாபகம் இல்ல, யோசிச்சுதான் எழுதினேன்னு.

நல்லாப் படி நீ எழுதினத. மரத்துல ஏறும், கிழக்குல மரம் கீது, அதனால கிழக்குன்னு சீட்டு எழுதின. அப்புறம் கட்டுரைல இன்னா எழுதின? நெட்டை ஓடு கிழக்குலதான் கிடைச்சுது, அதனால மரத்துல ஏறித்தான் ஓடு ஒசந்துச்சுன்னு. நீயே சீட்டு எழுதி, அந்தச் சீட்ட நீயே சாட்சிக்குக் கூப்டுக்கினியா? உன் கிட்ட படிக்கிற புள்ளைங்க இத்த செஞ்சா மார்க் போடுவியா?

மேற்குல பெரிய மரம் இல்லதான். தாழம்புதரும் பிரம்பும்தான் கீது. கீழ எறங்கினா நண்டு புடிச்சி ஓட்ட ஒடைக்குது. அதான் ஏறுது போல. நான் ஆறு நாள் ஒக்காந்து பாத்தேன். நண்டு ஒடைச்ச ஓடு பொட்டலம் நெறைய கீது. நீ வந்து பாத்திருந்தா இத்த எழுதிருப்ப.

ஒரு நத்தைக்காகவான்னு கேக்கற. ஒரு கட்டை மிதந்து வந்து, அதுல ஒண்ணோ ரெண்டோ உயிரோட ஒட்டிக்கினு வந்து, திரும்பிப் போவ வழி இல்லாம, கெடைச்சத துன்னு, லட்ச வருசத்துல இந்தச் சரிவுக்குன்னே ஆன ஜென்மம் அது. ஒரு சிமெண்ட் ரோட்ட கூட தாண்டாது. பொக்லைன் வந்தா எங்க ஓடும்? எங்களையாவது லாரில ஏத்தி பெரும்பாக்கத்துல கொட்டினாங்க.

டப்பாவ குப்பைல போட்டேன்னு எழுதிக்கீற. எங்கம்மா ரெண்டாயிரத்தி இருபத்தி ஒண்ணுல செத்துட்டா. அன்னிக்கு வூட்ட இடிச்சதுல அவ பாத்திரம்பண்டமெல்லாம் மண்ணோட பூட்ச்சு, அவ பேரு வெட்டின பாத்திரம்னு மிஞ்சினது அது ஒண்ணுதான். உன் கிட்ட கீது, என்னைக்காவது வாங்கிக்கலாம்னு இருந்தேன். குப்பைலயா போட்ட? நீ நல்லா இருப்பியா?

இன்னும் பத்து நாள்தான் கீது. நான் கமிட்டிக்கு எழுதினா சமையக்காரி எழுதினதுன்னு கீசிப் போடுவாங்க. காஸ்பர் சாரும் எழுதிட்டாரு. "நத்தை வல்லுநர் வேற சொல்லிக்கீறாரே"ன்னு பதில் வந்துச்சு. அந்த வல்லுநர் நீதான். நீ சொன்னாதான் நிக்கும்.

அன்பு


மயிலாப்பூர்
27 நவம்பர் 2025

அன்பு,

பொய் சொன்னேன். டப்பா எங்கிட்டதான் இருக்கு.

அன்னிக்கு நத்தையை மாத்தினப்புறம் எங்கம்மா அதைக் குப்பைல போடுன்னா. போட மனசு வரலை. தேய்ச்சு அலம்பி லேப்புக்கு எடுத்துண்டு போயிட்டேன். ஒன்பது வருஷமா என் மேஜை மேல குண்டூசி டப்பாவா இருக்கு. தேவானைங்கற பேரு தினமும் என்னைப் பாத்துண்டே இருக்கும். அது மேற்குத் தீவுல உன் சோத்தைக் கொட்டிட்டு நத்தை போட்ட டப்பான்னு நேக்குத் தெரியும், அன்பு. நீ கூடாரத்துக்குள்ள வந்து "இன்னிக்கி பட்டினிதான்"னு சிரிச்சது ஜுரத்துலயும் காதுல விழுந்துது. அதுக்குள்ள இருந்தது நெட்டை ஓடுங்கறதும் தெரியும். எழுதறச்சே அதை நெனைக்கவே மாட்டேன்னு மனசைக் கட்டிண்டு எழுதினேன். கிழக்குன்னா கதை அவ்வளவு அழகாப் பொருந்தித்து.

உன் மூணாந்தேதிக் கடிதம் வந்தப்பவே டப்பாவைத் திருப்பியிருக்கணும். கையே போகலை. நேத்து நல்ல மழை. காலம்பற எங்க காம்பவுண்டு சுவர் பூரா ஆப்பிரிக்க நத்தை, உள்ளங்கை அளவு. வாட்ச்மேன் வடிவேலு உப்புப் பொட்டலத்தோட நின்னுண்டு ஒவ்வொண்ணா தூவிண்டிருந்தார். அது நுரைச்சு நுரைச்சுச் சாகறது. "விடுங்கோ"ன்னு ஒரு கத்து கத்தினேன். அவர் பேந்தப் பேந்த முழிச்சார். ஊர் ஊரா பரவி எல்லாத்தையும் மேயற நத்தைக்கு அழறேன், ஒரே ஒரு சரிவுல இருக்கறதைக் கொல்லக் கையெழுத்துப் போட்டிருக்கேன். நேக்கே என்னைப் பாக்க சகிக்கலை.

நேரா லேப்புக்குப் போனேன். குண்டூசியைக் கொட்டிட்டுத் திருப்பினேன். "மே". அவ்வளவு சின்னதா, கோணலா.

கமிட்டிக்கு நேத்தே மெயில் அனுப்பிட்டேன், இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுத் தபாலும். சீட்டை நத்தை தின்னது, நான் யூகத்துல எழுதினது, ரெண்டு தீவும் மாறிப் போனது, கண்டுபிடிச்சது நீங்கறது, ஒண்ணு விடாம எழுதியிருக்கேன். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன்னு பத்திரிகைக்கும் எழுதியாச்சு. பதவி போச்சு. அந்த மூணு குழந்தைகளையும் கூப்ட்டு உக்கார வெச்சு சொன்னேன். ஒருத்தி என் மூஞ்சியைப் பாக்காம எழுந்து போயிட்டா.

ஒண்ணு மட்டும் என்னால மாத்த முடியாது. அந்த நத்தைக்கு நான் வெச்ச பேர்ல கிழக்குங்கற வார்த்தை இருக்கு. ஒரு தரம் வெச்ச பேரைத் தப்புன்னு தெரிஞ்சாலும் மாத்தப்படாதுங்கறது விதி. மேற்குல இருக்கற நத்தை கிழக்கத்தி நத்தைன்னே இருக்கும், நாம ரெண்டு பேரும் செத்தப்புறமும்.

உன் மேல இன்னும் நேக்குக் கோவம் இருக்கு, சொல்லிடறேன். அன்னிக்கு பீரோவைத் தெறடீன்னு நீ ஒரு சண்டை போட்டிருந்தா நான் தெறந்திருப்பேன். என்னை அவ்வளவு நம்பியிருக்க வேண்டாம் நீ.

டப்பாவை இதோட அனுப்பறேன்.

வைதேகி


மேற்குத் தீவு முகாம்
9 டிசம்பர் 2025

வைதேகி,

லெட்டரும் டப்பாவும் நேத்து காதர் பாய் கொண்டாந்தாரு.

ஒண்ணாந்தேதி சொன்ன மாதிரி பொக்லைன் வந்துச்சு. மூணு நாள் வெட்டினாங்க. நானும் காஸ்பர் சாரும் முன்னால போய் நின்னு கத்தினோம், எங்கள ஓரம் தள்ளிட்டு வெட்டினாங்க. மூணாந்தேதி சாயந்திரம் ஒயர்லெஸ்ல சேதி வந்துச்சு, உன் மெயிலால வேலைய நிறுத்தச் சொல்லிட்டாங்கன்னு. கீழ்ச் சரிவு பூராவும் பூட்ச்சு. செம்மண்ணுதான் கீது. ஒடைஞ்ச ஓடு பொறுக்கவே முடியல, அவ்ளோ. மேல் சரிவுல நேத்து வரைக்கும் எண்ணினேன். இருபத்தி ஒண்ணு.

அக்டோபர்ல எழுதின என் மொதல் லெட்டருக்கே நீ நெசத்த எழுதியிருந்தா அறுபத்தி நாலும் இருந்திருக்கும். இத்த நான் சொல்லாம உடமாட்டேன். நீ அழுதா அழு. நான் மன்னிக்கல.

சண்டை போட்டிருக்கணும்னு எழுதிக்கீற. யாரு, நானா? வூடு இல்லாம, மாத்துத் துணி இல்லாம வந்து நின்னவ, சம்பளம் குடுக்கிறவ கிட்ட பீரோவத் தெறன்னு சண்டை போடணுமா? அதெல்லாம் உங்க வூட்டுப் பொண்ணுங்களுக்கு. ஆனா ஒண்ணு, நம்பினது என் தப்புதான். அத்த ஒத்துக்கறேன்.

டப்பா வந்ததும் காஸ்பர் சார், "நல்லதாப் போச்சு அன்பு, ரெண்டு நத்தைய இதுல போட்டு சாட்சிக்கு எடுத்துக்கினு போவலாம்"னாரு. முடியாதுன்னு சொல்லிட்டேன். இது எங்கம்மா சோத்து டப்பா. இன்னிக்கி அதுல புளி சோறு கட்டிக்கினு மேல் சரிவுல போய் ஒக்காந்து துன்னேன். நத்தைய அதது இலை மேலயே உட்டு எண்ணினேன். இன்னிக்கும் இருபத்தி ஒண்ணுதான். ஒண்ணு மட்டும் குஞ்சு, அரிசி அளவு.

பேரு கிழக்குன்னே இருந்துட்டுப் போவட்டும். எங்க தெருவுக்கும் பெரும்பாக்கத்துல யாரோ பேரு வெச்சிக்கீறாங்க, அதுவா எங்கள வளக்குது?

அடுத்த வாரம் கமிட்டி ஆளு வராங்களாம், நெசமா கீதான்னு பாக்க. கூட ஒரு நத்தை வல்லுநர் வேணுமாம். நீ வா. உன் வேலைய மத்தவங்க கிட்ட உட்டுட்டு தார்ப்பாய்க்குள்ள படுக்காம வா. நீ அதுக்குப் பேரு வெச்ச, கதை எழுதின, சாகவும் கையெழுத்துப் போட்ட. இலை அடில ஒட்டிக்கினு கீறப்ப ஒரு தபா கூட நீ பாத்தது இல்ல.

காதர் பாய் படகு பதினெட்டாந்தேதி. வந்து நீயே ஒவ்வொண்ணா எண்ணு. நான் இருபத்தி ஒண்ணுன்னு சொன்னேன்னு நம்பி எழுதிக்காத.

அன்பு